அரீனாவுக்கு மணல் வாங்குறதுக்கு முன்னால தண்ணி போக வழி பாருங்க

ஒருவழியா இந்த ஐப்பசி அடைமழைய எங்க குதிரைக் களம் தாங்கிருச்சு. ராத்திரி பூரா கொட்டித் தீத்துட்டு காலைல வெறிச்சுது, மத்தியானத்துக்கு மேல குதிரைய நடக்க விட்டோம், சாயங்காலம் டிராட்டே (துள்ளு நடை ஓட்டம்) போட்டாச்சு, அடில ஒரு இடத்துலயும் வழுக்கல. போன வருசம் இதே மழைக்கு வாரக்கணக்குல கேட்டப் பூட்டி வச்சிருந்த களம் இது. குதிரை வச்சிருக்கவங்க நாலஞ்சு பேரு என்ன பண்ணுனிய, எவ்வளவு ஆச்சுன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்லி மாளல, அதான் மொத்தமா எழுதிப் போட்டுருதேன்.

இடம் பாளையங்கோட்டைக்குத் தெக்க, நாங்குநேரி போற பக்கம். களம் 20க்கு 40 மீட்டர், டிரெஸ்ஸாஜுக்கு (குதிரைய அடி பிசகாம நடத்திக் காட்டுற போட்டி) சின்ன அளவு அதான், பெருசுன்னா 20க்கு 60. சதுர அடில பாத்தா 8600 வருது. ஓடுறது ரேஸ்ல இருந்து ரிட்டயர் ஆகி வந்த ரெண்டு தரோபிரெட், ஒரு மார்வாரி ஜாதிக் குதிரை, பிள்ளைங்க ஏறுறதுக்கு ஒரு மட்டக்குதிரை. மேல செம்மண்ணு, ரெண்டரை அடி தோண்டுனா சுக்கான், கெட்டியான சுண்ணாம்புக்கல் பாறை. நம்ம பக்கம் கெணறு வெட்டுனவங்கள்ட்ட கேளுங்க, சுக்கானப் பத்தி கதை கதையா சொல்லுவாங்க. வெயில் காலத்துல இந்த மண்ணு மாதிரி உறுதியான தரை கிடையாது, ஆனா மேல விழுற தண்ணி கீழ இறங்க மாட்டேங்குது, அதுதான் எல்லா வம்புக்கும் காரணம்.

கணக்கு ஒண்ணு போட்டுக்கிடுங்க. 800 சதுர மீட்டர்ல ஒரு சென்டிமீட்டர் மழை பேஞ்சா 8000 லிட்டர் தண்ணி. ஒரு ராத்திரில பத்து சென்டிமீட்டர் அடிச்சுதுன்னா 80,000 லிட்டர், டேங்கர் லாரிக் கணக்குல ஆறேழு லாரிய களத்துக்குள்ள கவுத்த மாதிரி. இது வானத்துல இருந்து நேரா விழுறது மட்டும்தான், ரோட்டுல இருந்தும் பக்கத்து விளைல (தோட்டம்) இருந்தும் ஓடி வாறது தனி. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. ஊத்துச்சே, அந்த மாதிரி மழைக்கெல்லாம் எவன் போட்ட களமும் நிக்காது, அதுக்குத் தயார் பண்ணுறோம்னு காச எறக்காதீங்க. வருசா வருசம் ஐப்பசி கார்த்திகைல வாற மழைக்குத் தாங்குனா போதும்.

பழைய கதைய சுருக்கிச் சொல்லுதேன். தென்மேற்கு மூலைல எப்பவும் தண்ணி கெட்டும். கெட்டுனா முன்னால இருந்தவங்க ஒரு டிப்பர் மணல் வாங்கி அதுல தட்டிருவாங்க, ரெண்டு நாளு நல்லா இருக்கும், அடுத்த மழைக்கு மறுபடி சொதசொதன்னு ஆயிரும், மறுபடி மணல். இப்படியே ஓடிருக்கு. போன கார்த்திகைல மார்வாரி அந்த மூலைல திரும்பும்போது பின்னங்கால் வாரிட்டு, நல்ல வேளை விழல, ஏறியிருந்த பொண்ணு தைரியசாலி. அதுக்கப்புறம்தான் என்னதான் கெடக்குன்னு தோண்டிப் பாத்துருவோம்னு முடிவு பண்ணுனது.

10 எம்எம் கம்பி ஒண்ண நாலடிக்கு வெட்டி, அதுல இஞ்சு இஞ்சா பெயிண்ட்ல கோடு போட்டு, ரெண்டு மீட்டருக்கு ஒரு குத்துன்னு களம் பூரா குத்துனோம். கம்பி கெட்டித் தரையத் தொட்டதும் நிக்கும், அந்த ஆழத்த ஒரு நோட்டுல கட்டம் போட்டு எழுதிக்கிட்டே வந்தான் குதிரை பாக்குற தம்பி. ஒரு ரூபா செலவில்லாத வேலை, ஆனா இதுல தெரிஞ்சது வேற எதுலயும் தெரியல. நடுவுல மணல் ஒன்றரை இஞ்சு. தென்மேற்கு மூலைல அஞ்சரை இஞ்சு. வேலியோரமா குதிரை சுத்தி சுத்தி ஓடுற தடத்துல அடித்தரையே வாய்க்கா மாதிரி குழிஞ்சு கெடக்கு, மேல மணல் சமமா பரத்திக் கெடக்கதுனால கண்ணுக்குத் தெரியல. அந்த மூலைல ஒரு சட்டி மணல அள்ளிப் பாத்தா கருப்பு, நாத்தம், சாணி மக்கி அடில படிஞ்சிருக்கு. போதாக்குறைக்கு மணல் வெளிய போகக் கூடாதுன்னு சுத்தி ஒரு வரிசை ஹாலோபிளாக் வச்சு சந்து பொந்தெல்லாம் சிமெண்ட் பூசியிருந்தாங்க. தண்ணிக்கு கீழயும் வழி இல்ல, பக்கத்துலயும் வழி இல்ல.

ஆழம் அஞ்சு இஞ்சுக்கு மேல போனா தண்ணி மட்டுமில்ல பிரச்சினை. ஒன்றரை இஞ்சுல ஓடி வாற குதிரை திடீர்னு அஞ்சு இஞ்சுல கால வச்சா முன்னங்கால் நரம்பு இழுபடும், ரேஸ் குதிரைக்கு ஏற்கெனவே அங்கதான் அடி வாங்கியிருக்கும். ரெண்டரை இஞ்சு, மிஞ்சிப்போனா மூணு, அதுக்கு மேல மணல் வேண்டாம்.

வேலைய தை பிறந்ததும் ஆரம்பிச்சோம். முதல்ல கைவச்சது களத்துலயே இல்ல, வெளிய. வடக்க ரோடு கொஞ்சம் மேடு, அங்க இருந்து வாற தண்ணி நேரா களத்துக்குள்ளதான் இறங்கும். வடக்கு ஓரத்துல ஆறடி தள்ளி, ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு ஓடை வெட்டி, அந்த மண்ணையே களத்துப் பக்கமா வரப்பா போட்டு மிதிச்சு, ரெண்டு முனையும் கிழக்கால போற ஓடைல சேத்துவிட்டாச்சு. ஜேசிபிக்கு ரெண்டு மணி நேரம், 2400 ரூபா. கைல காசு இல்லாதவங்க இத மட்டுமாவது செய்யுங்க, பாதி தண்ணி இதுலயே குறைஞ்சிரும், நான் மிகைப்படுத்திச் சொல்லல.

அடுத்து பழைய மணல பூராத்தையும் வழிச்சு வெளிய தள்ளுனோம். கழுவி திரும்பப் போட்டுறலாமான்னு ஒரு ஆசை இருந்துச்சு. ஒரு கண்ணாடி பாட்டில்ல மூணுல ஒரு பங்கு மணல், மிச்சம் தண்ணி, ஒரு சிட்டிகை உப்பு போட்டு நல்லா குலுக்கி வச்சா மணல் உடனே அடில உக்காந்துரும், வண்டல் அதுக்கு மேல மெதுவா ஒரு தனி அடுக்கா படியும். வீடு கட்டுற மணலுக்கே வண்டல் 8 சதவீதத்துக்கு மேல இருந்தா வேண்டாம்பாங்க. எங்க பாட்டில்ல மணல் மூணு விரக்கடைன்னா வண்டல் ஒரு விரக்கடை, அதுக்கும் மேல பழுப்பா நார்த்தூள் மிதக்குது. ரெண்டு வருசம் முன்னால வெயில்ல தூசி பறக்குதேன்னு தென்னை நார்க்கழிவு கலந்திருந்தாங்க. கோடைக்கு அது அருமையான சரக்கு, ஈரத்த பிடிச்சு வச்சுக்கிடும், தூசி அடங்கும். அதே குணம்தான் மழைக்கு எமன், குடிச்ச தண்ணிய விடவே விடாது. வாணியம்பாடி, ஓசூர் பக்கம் எப்படியோ எனக்குத் தெரியாது, சுக்கான் மேல உக்காந்திருக்க நம்ம களத்துக்கு நார்க்கழிவு வேண்டவே வேண்டாம். அந்த மணல் பூராவும் லாயத்துக்குப் போற பாதைல குழி ரொப்பப் போயிருச்சு.

இப்ப தரை மட்டம். முன்னால இருந்தவங்க ரசமட்டம் வச்சு டைல்ஸ் ஒட்டுற மாதிரி சமமா போட்டிருந்தாங்க, பாக்க அழகுதான். தண்ணி ஓடணும்னா வாட்டம் வேணும். நூறுக்கு ஒண்ணுன்னு வச்சோம், அதாவது 20 மீட்டர் அகலத்துக்கு வடக்குல இருந்து தெற்குக்கு 20 சென்டிமீட்டர், எட்டு இஞ்சு. குதிரை மேல உக்காந்திருக்கவங்களுக்கு இந்தச் சரிவு தெரியவே தெரியாது. மட்டம் பாக்க லேசர் எல்லாம் வாடகைக்கு எடுக்கல, கொத்தனார் வச்சிருக்க டியூப்தான், தண்ணி ரொப்பி ரெண்டு பேரு ரெண்டு முனையப் பிடிச்சுக்கிட்டு, அஞ்சு மீட்டருக்கு ஒரு முளைக்குச்சி அடிச்சு, நூல் கெட்டி. டியூப்புக்குள்ள காத்துக்குமிழி இல்லாம பாத்துக்கிடுங்க, ஒரு குமிழி இருந்தாலும் மட்டம் பொய் சொல்லும். எங்களுக்கு கிழக்குப் பக்கம் ஒரு வரிசை முளைக்குச்சி முழுசும் ஒரு இஞ்சு தப்பா வந்து, திருப்பி அடிச்சோம்.

வடக்குல சீவுன செம்மண்ணக் கொண்டு தெக்க நெரத்துனோம். நெரத்தும்போது நாலு இஞ்சுக்கு மேல ஒரே அடியா போடாதீங்க. நாலு இஞ்சு போட்டு, தண்ணி தெளிச்சு, ரோலர். மறுபடி நாலு இஞ்சு. ரோலர் தம்பி "ஒரேடியா போட்டு ஏத்திருதேன் அண்ணாச்சி, நம்ம வண்டி பத்து டன்னு"ன்னான். பத்து டன்னா இருந்தாலும் மேலாப்புலதான் அமுக்கும், அடில பொதுபொதுன்னு இருந்தா அடுத்த மழைக்கு அங்கனயே குழி. ஈரம் எவ்வளவு வேணும்னா, ஒரு பிடி மண்ண அள்ளி இறுக்கிப் பிடிச்சா உருண்டையா நிக்கணும், கைல ஈரம் ஒட்டக் கூடாது, கீழ போட்டா ரெண்டா மூணா உடையணும். பிசுபிசுன்னு ஒட்டுனா காய விடுங்க, ரோலர ஏத்துனா மண்ணு ரோலர்ல ஒட்டிக்கிட்டு தோலோட வரும்.

அதுக்கு மேல ரோடு போடுறவங்க போடுற வெட்மிக்ஸ் மூணு இஞ்சு. ஜல்லி, சிப்ஸ், டஸ்ட் எல்லாம் கணக்கா கலந்து ஈரத்தோட வாறது. 8600 சதுர அடிக்கு மூணு இஞ்சுன்னா 2150 கன அடி, உருட்டுனா அமுங்குமே, கால் பங்கு கூட்டி 27 யூனிட் (ஒரு யூனிட்னா 100 கன அடி) இறக்குனோம். யூனிட் 3600. இங்கதான் நெறைய பேரு மிச்சம் பிடிக்கப் பாப்பாங்க, செம்மண் மேலயே மணல போட்டா என்னன்னு. குதிரை லாடம் செம்மண்ண மழைக்காலத்துல குத்திக் குத்தி மேல கொண்டு வந்துரும், ஒரு சீசன்ல மணல் பூரா சேறாயிரும். மணலும் மண்ணும் கலக்காம பாத்துக்கிடறதுதான் இந்த முழு வேலையோட நோக்கமே.

வடிகால் தெக்கு ஓரம் நெடுக, 40 மீட்டர். நாலு இஞ்சு பிவிசி பைப்புல ஓட்டை போட்டு, ஒரு அடி அகல வாய்க்கால்ல வச்சு, சுத்தி முக்கால் இஞ்சு ஜல்லி. பைப்புக்கும் நூறுக்கு ஒண்ணு வாட்டம் குடுக்கணும்னுதான் நெனச்சோம், ஆனா ஒன்றரை அடில தொடங்கி அந்தக் கணக்குல போனா கடைசில சுக்கான உடைக்கணும், பிரேக்கர் வாடகைக்கு யாரு அழுவா. நூத்தம்பதுக்கு ஒண்ணுன்னு குறைச்சதும் கடைசி முனை சுக்கானுக்கு ஒரு இஞ்சு மேலயே முடிஞ்சுது.

ஓட்டை எந்தப் பக்கம் பாக்கணும்ங்கறதுல கொத்தனார் அண்ணாச்சிக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதம். "மேல இருந்துதான தண்ணி வருது, ஓட்டை மேலதாம்ல இருக்கணும்"ன்னு அவரு. மேல ஓட்டை வச்சா ஜல்லில இருந்து விழுற வண்டல் நேரா பைப்புக்குள்ள இறங்கும். கீழ்ப்பக்கமா, கடிகாரத்துல நாலு மணியும் எட்டு மணியும் இருக்க இடத்துல ஓட்டை இருந்தா, வாய்க்கால்ல தண்ணி மட்டம் ஏற ஏற தெளிஞ்ச தண்ணிதான் உள்ள போகும். அண்ணாச்சி ஒத்துக்கிடல, ஒரு பக்கெட்ல ஓட்டை போட்ட துண்டுப் பைப்ப வச்சு ஜல்லி ரொப்பி சேத்துத் தண்ணி ஊத்திக் காட்டுனதுக்கப்புறம் "சரி, உம்ம இஷ்டம் வே"ன்னு முடிச்சிட்டாரு.

ஜியோ துணி (தண்ணிய விட்டு மண்ண மட்டும் நிப்பாட்டுற துணி) விசயத்துல தப்பான பாதைல கொஞ்ச தூரம் போய்த் திரும்புனோம். துணிய பைப்புல சுத்திக் கெட்டித்தான் முதல்ல எறக்குனது, கடைல அப்படித்தான் சொன்னாங்க. சோதிக்க ஹோஸ் பைப்புல தண்ணி விட்டா முதல் நாள் ஜோரா ஓடுச்சு, வாரக் கடைசில சொட்டுதான் வருது. பிரிச்சுப் பாத்தா கல் டஸ்ட் துணில மாவு பூசுன கணக்கா அப்பிக்கிட்டு நிக்கி. பைப்புல ஒட்டுன துணிக்குப் பரப்பு கம்மி, சீக்கிரம் அடைச்சிரும். வாய்க்காலோட அடி, ரெண்டு பக்கம், மேல மூடி எல்லாத்தையும் துணில பொதிஞ்சு அதுக்குள்ள ஜல்லியும் பைப்பும் வச்சா பரப்பு பல மடங்கு. அப்படியே மாத்தியாச்சு, துணி மட்டும் திரும்ப வாங்க வேண்டி வந்துச்சு.

மணல்தான் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்ன விசயம். ஆத்து மணல் பேச்சே வேண்டாம், தாமிரபரணில அள்ள விட மாட்டாங்க, அள்ளவும் கூடாது. அது போக ஆத்து மணல் உருண்டை உருண்டையா இருக்கும், குதிரை கால வச்சா வழுகி விலகும், பிடிமானம் இருக்காது. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் தேரி மணல் செக்கச்செவேல்னு கெடக்கே, அத அள்ளிப் போடுமேன்னாரு ஒருத்தரு. அது காத்து கொண்டாந்து குவிச்ச மணல், ரொம்ப நைசு, உருண்டை, கோடைல பறக்கும் மழைல படியும், அனுமதி இல்லாம எடுக்கவும் கூடாது. மிச்சம் பாறைய உடைச்சு எடுக்குற கிரஷர் மணல்தான். எம்சாண்ட்ல 4.75 எம்எம் வரைக்கும் பொடிக்கல் இருக்கும், அது லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவுல சொருகிக்கிடும், மட்டக்குதிரைக்கு லாடமே கிடையாது, உள்ளங்கால் நொந்துரும். பூச்சுக்கு வாங்குற பி-சாண்ட் 2.36 எம்எம்முக்குக் கீழ, முனை உள்ள துகளு, ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கிட்டு நிக்கும். ஆனா கழுவுனதான்னு பாருங்க. கழுவாத பி-சாண்ட்ல டஸ்ட் கலந்து தள்ளிவிடுவாங்க, மழைக்கு அது பேஸ்ட்டு, வெயிலுக்கு சிமெண்ட்டு. நாங்க மூணு கிரஷர்ல இருந்து பாட்டில்ல சாம்பிள் எடுத்து குலுக்கிப் பாத்துத்தான் ஒண்ண முடிவு பண்ணுனோம். காசும் குடுத்தாச்சு, லோடு வரும்போதும் ஒவ்வொரு டிப்பருக்கும் பாட்டில குலுக்குனோம், அதுல ஒண்ண அப்படியே திருப்பி அனுப்பியாச்சு. டிரைவர் முறைச்சாரு, முறைச்சுட்டுப் போகட்டும். 20 யூனிட், யூனிட் 5500. ஒரு குறை, கிரஷர் மணல் அரம் மாதிரி குளம்பத் தேய்க்கும், லாடமில்லாத குதிரைய அடிக்கடி பாத்துக்கிடணும்.

மணல ஒரே நாள்ல மூணு இஞ்சு போட்டுறாதீங்க. ரெண்டு இஞ்சு போட்டு, குதிரைய விட்டு ஒரு மாசம் பழக விட்டு, அப்புறம் அரை இஞ்சு சேத்தோம். கூட்டுறது லேசு, அள்ளுறது கஷ்டம்.

ஓரத்துக்கு ஹாலோபிளாக்க பேத்துட்டு நாலு இஞ்சு சவுக்குக் கம்பு படுக்க வச்சோம், தெக்குப் பக்கம் மட்டும் அடில சின்னக் கல்லு குடுத்து ஒரு இஞ்சு தூக்கி, அந்தச் சந்துல பசுமைக்குடில் வலைய ரெண்டா மடிச்சு. தண்ணி போகும், மணல் நிக்கும். பாதிக்கு மேல நிக்கி, முழுசும் நிக்கல, பெரிய மழைக்கு மணல் தெக்கால சரிஞ்சு வந்துருது, மம்பட்டி எடுத்து வடக்க தள்ளுறது இப்ப வாராந்திர வேலை.

மணல நெரத்தி விட இழுக்கிற பலகைய பட்டறைல சொல்லி அடிச்சோம். அஞ்சடி அகலம், ரெண்டு இஞ்சு எல் ஆங்கிள் ஃபிரேம், 12 எம்எம் கம்பில பல்லு, பல்லோட நீளம் ஒன்றரை இஞ்சு, ரெண்டு வரிசை மாத்தி மாத்தி, பின்னால ஒரு துண்டு கம்பிவலை. பல்லு மணல் ஆழத்த விட கம்மியா இருக்கணும், இது முக்கியம், நீளமா இருந்தா வெட்மிக்ஸக் கீறி ஜல்லிய மேல கொண்டாந்துரும். உழவு கலப்பைய கெட்டி இழுத்த களத்தப் பாத்திருக்கேன், மறு வருசம் ஜல்லிதான் மேல. பக்கத்து விளைக்காரரு மினி டிராக்டர்ல கெட்டி இழுத்துக்கிடுதோம், டீசல் காசு குடுத்துருவோம்.

மழைக்காலத்துல தெனமும் இப்ப செய்யுறது இவ்வளவுதான். மழை வரும் போல இருந்தா முதல்ல சாணிய அள்ளிருவோம், சாணி நனைஞ்சு மிதிபட்டா அதுவும் சேறுதான். மழை விட்டதும் தெக்கு ஓரத்துல வேப்பஞ்சருகு அடைச்சிருக்கத வாரிவிடணும், ஒரு கூடை சருகு போதும் முழுத் தண்ணியையும் நிப்பாட்ட. அப்புறம் உள்ள எறங்கி குதிங்கால ஊனி ஒரு மிதி. தடத்துல தண்ணி ஊறி நெறஞ்சா குதிரை ஏத்தக் கூடாது. தடம் ஓரம் கலையாம அச்சா நின்னா தாராளமா ஏத்தலாம், சொல்லப்போனா அந்த ஈரத்துலதான் மணல் நல்லா இறுகி நிக்கும், வறண்ட மணல விட ஓட்டுறதுக்கு சுகம். பலகை இழுக்கறதும் அதே கணக்குதான், தண்ணி நிக்கும்போது இழுத்தா வண்டல் மேல வந்து மூடிக்கிட்டு தண்ணி இறங்கறதே நின்னுரும். வேலியோரத் தடத்துல இருந்து ஒரு மீட்டர் உள்ள தள்ளி ஓட்டச் சொல்லுதோம், தினமும் தடத்த மாத்தச் சொல்லுதோம், பிள்ளைங்க கேக்க மாட்டாங்க, குதிரை தானா வேலியோரம் போயிரும், அதனால கம்பி வச்சுக் குத்திப் பாக்கறத விடல.

ஓட்டி முடிச்சதும் நாலு குளம்பையும் நோண்டிச் சுத்தம் பண்ணி காய விடணும். களம் சரியானாலும் லாயத்துல ஈரத்துல நிக்க விட்டா குளம்புக்கு அடில நடுவுல இருக்க மெத்துப் பகுதி அழுகி கருப்பா நாத்தம் வரும், போன வருசம் ரெண்டு குதிரைக்கு வந்துச்சு. இந்த வருசம் இதுவரை இல்ல, அதுக்குக் களம் மட்டும் காரணம்னு சொல்ல மாட்டேன், படுக்கைல வைக்கோல தினமும் மாத்துறோம்.

செலவு: பி-சாண்ட் 1,10,000, வெட்மிக்ஸ் 97,200, ஜேசிபி எல்லாம் சேத்து 16,800, ரோலர் 14,000, பைப்பு 9000, வடிகால் ஜல்லி 9500, துணி ரெண்டாந்தரம் வாங்குனதும் சேத்து 5400, கூலி 28,000, சவுக்கும் வலையும் 14,500, பலகை 6500. கூட்டுனா 3,10,900. இதுக்கு முன்னால மூலைய ரொப்ப வாங்குன டிப்பர் மணலுக்குக் கணக்கு எழுதி வைக்கல, வச்சிருந்தா வயிறெரியும்.

மறுபடி போட்டா சவுக்கு வைக்க மாட்டேன், கரையான் இப்பவே ஏறுது, இடைவெளி விட்டு முனை மழுக்குன கான்கிரீட் கட்டைதான். வடிகால் பைப்போட மேல் முனைய ஒரு எல்போ போட்டு தரைக்கு மேல நீட்டி மூடி வைப்பேன், அடைச்சா அதுல தண்ணிய விட்டு அடிச்சுத் தள்ளலாம், இப்ப அடைச்சா தோண்டணும். லாயத்துக் கூரைத் தண்ணி இன்னும் களத்தோட கிழக்கு ஓரத்துலதான் கொட்டுது, அங்கன மட்டும் மணல்ல ஒரு குழி விழுந்துக்கிட்டே இருக்கு. கூரைத் தண்ணி பிடிச்சு வெளிய விட தகரத்துல வாரி அடிக்க ஆள் சொல்லியிருக்கு, மழை விட்டாத்தான் கூரைல ஏறுவேங்காரு.